ரீல்ஸா, யூடியூபா, வாட்ஸ்அப்பா: சொந்தப் பாட்டை எங்கே வைத்து வளர்ப்பது?

ஒரு பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, சாலிகிராமத்திலோ வடபழனியிலோ ஒரு சின்ன ஸ்டுடியோவில் குரல் பதிவு செய்து, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் முடிந்து கைக்கு வரும்போது பெரும்பாலான சுயாதீன இசைக்கலைஞர்களிடம் பணமும் தீர்ந்திருக்கும், தெம்பும் தீர்ந்திருக்கும். அப்போதுதான் "இதை எங்கே போடலாம்?" என்ற பேச்சு ஆரம்பிக்கும். யாரைக் கேட்டாலும் "எல்லா இடத்திலும் போடு" என்பார்கள். எல்லா இடத்திலும் போடுவதில் சிரமமே இல்லை. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கிற நிறுவனமான ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்தால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், யூடியூப் மியூசிக் என்று எல்லாவற்றிலும் பாட்டு போய் உட்கார்ந்துவிடும். வாரத்தில் கிடைக்கிற நாலைந்து மணி நேரத்தையும், மிச்சமிருக்கிற பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயையும் எதில் போடுவது என்பதுதான் சிக்கல்.

இந்த ஊரில் சின்ன இசைக்குழுக்களோடும் தனியாகப் பாட்டு வெளியிடுகிறவர்களோடும் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டைப் பார்த்தவர்களில் எத்தனை பேரை அடுத்த பாட்டுக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நானே மறுபடி கூப்பிட முடியும் என்பதை வைத்துத்தான் ஒரு தளத்தை எடை போடுகிறேன். வ்யூஸ் அதற்கு அப்புறம்தான். சென்னையில் சினிமாவுக்கு வெளியே இசை செய்கிறவருக்குச் சோறு போடுவது மேடை, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, பாட்டு வகுப்பு, விளம்பர ஜிங்கிள். ஸ்ட்ரீமிங் காசை நம்பி வாடகை கொடுக்கிறவர் வெகு சிலர். எழும்பூர் மியூசியம் தியேட்டரிலோ நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸிலோ நாற்காலி நிறைய வேண்டுமென்றால், சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் கிளம்பி வருகிற ஆட்கள் வேண்டும். எங்கோ இருந்து வந்த ஒரு லட்சம் வ்யூஸ் அந்த நாற்காலிகளில் வந்து உட்காராது.

இப்படி அளக்க இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்குத் தடை வந்தது. அதுவரை அங்கே கூட்டம் சேர்த்திருந்த பாடகர்கள், ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கூட்டம் அப்படியே கைவிட்டுப் போனது. அந்த ரசிகர்களில் ஒருவருடைய போன் நம்பர்கூட இவர்கள் கையில் கிடையாது. ரெஸ்ஸோ என்ற இசைச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே வருடம் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. இன்று பெரிதாக இருக்கிற தளம் ஐந்து வருடம் கழித்தும் இருக்கும் என்று நம்பி உங்கள் ரசிகர்களை முழுக்க அதனிடம் ஒப்படைக்க முடியாது.

முதலில் இன்ஸ்டாகிராம். டிக்டாக் போன அடுத்த மாதமே, 2020 ஜூலையில், ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. முன்பின் தெரியாத ஆளிடம் பாட்டைக் கொண்டு போய்ச் சேர்ப்பதில் இன்றைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. உங்களை இருநூறு பேர்தான் பின்தொடர்கிறார்கள் என்றாலும், ஒரு ரீல் பிடித்துப்போனால் இருபதாயிரம் பேரிடம் போகும். காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டாம். புதிதாக வருகிறவருக்கு இது பெரிய வரம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த இருபதாயிரம் பேர் யார்? பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், தூங்கப் போகும் முன் படுக்கையில் விரலைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். பாட்டின் ஒரு வரி அவர்கள் மனதில் தங்கும், பாடினவர் பெயர் தங்காது. மூன்று நாலு நாளில் ரீல் ஓய்ந்துவிடும். அடுத்த வாரம் இன்னொன்று போட வேண்டும், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இந்தச் சக்கரத்தில் ஏறிய பாடகர்கள் ஆறு மாதத்தில் பாட்டு எழுதுவதையே விட்டுவிட்டு ரீல் எடுப்பதையே வேலையாக வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

ரீல் எடுக்கிற விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்ஸ்டாவின் உள்விவர (இன்சைட்ஸ்) பக்கத்தில், பார்வையாளர்கள் எந்த வினாடியில் நழுவுகிறார்கள் என்று ஒரு கோடு காட்டும். முதலில் இசைக்குழுவின் லோகோ, அப்புறம் "வழங்கும்" என்று எழுத்து, அப்புறம் எட்டு வினாடிக்கு இதமான கீபோர்டு, அதற்குப் பிறகு குரல் என்று வைத்தால், குரல் வருவதற்கு முன்பே அந்தக் கோடு தரையைத் தொட்டிருக்கும். முழுப் பாட்டில் அந்த நிதானமான ஆரம்பம் அழகுதான். ரீலில் பல்லவியின் உச்சமான வரியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு எடுக்கிற ரீல்கள். வெளிச்சம் அருமையாக இருக்கும், ஆனால் கடல் காற்றில் போன் மைக் வெறும் இரைச்சலைத்தான் பிடிக்கும். அதனால் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு வாயசைத்துவிட்டு, பிறகு மாஸ்டர் ஆடியோவை மேலே ஒட்டுகிறார்கள். உதடு கால் வினாடி தள்ளிப் போனாலும் பார்க்கிறவருக்குச் சுரத்துப் போய்விடும். மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில், சட்டையில் ஒரு சின்ன காலர் மைக்கைக் குத்திக்கொண்டு நிஜமாகவே பாடிய ரீல் இதைவிட நன்றாகப் போகும். மூச்சு வாங்குவது கேட்டால்தான் ஆள் பாடுகிறார் என்று நம்பிக்கை வருகிறது.

தொழில்நுட்பமாக ஒரு எச்சரிக்கை. பாட்டு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக இன்ஸ்டாவின் இசை நூலகத்தில் ஏறிய பிறகு, மற்றவர்கள் பயன்படுத்த வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் ரீலுக்கு அங்கிருந்தே ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள். அவசரப்பட்டு நேரடியாக ஏற்றினால் அது தனியாக ஓர் 'ஒரிஜினல் ஆடியோ' பக்கமாக நின்றுவிடும். நாளை நூறு பேர் உங்கள் பாட்டுக்கு ஆடினாலும் பாதிப் பேர் ஒரு பக்கத்திலும் மீதிப் பேர் இன்னொரு பக்கத்திலும் சிதறிக் கிடப்பார்கள்.

அடுத்தது யூடியூப். என் ஓட்டு இதற்குத்தான், ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் யூடியூப் வெறும் வீடியோ தளம் இல்லை. டீக்கடையில், சலூனில், ஆட்டோவில், வீட்டு ஹாலில் இருக்கிற டிவியில் பாட்டு ஓடுவது அதில்தான். ஸ்பாட்டிஃபை கணக்கு இல்லாத அத்தைக்கும் மாமாவுக்கும் யூடியூப்பில் தேடிப் பாட்டுப் போடத் தெரியும். "அம்மா பாட்டு", "காதல் தோல்வி கானா", "முருகன் பாட்டு புதுசு" என்று மைக்கில் பேசித் தேடுகிறார்கள். ரீல் மூன்று நாளில் போய்விடும். நல்ல தலைப்போடு யூடியூப்பில் வைத்த பாட்டு மூன்று வருடம் கழித்தும் யாரோ ஒருவர் தேடலில் வந்து நிற்கும்.

இதற்குச் சென்னையிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கொடைக்கானல் பாதரசக் கழிவு விவகாரத்தில் யூனிலீவருக்கு எதிராக சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் 2015 ஜூலை இறுதியில் யூடியூப்பில் வந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2016 மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் பதினைந்து வருடமாக நடத்திய போராட்டத்தின் பலன் அது, பாட்டு அதற்குக் குரல் பெருக்கியாக இருந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடலும் அப்படித்தான். எண்ணூர் எப்போது செய்தியில் வந்தாலும், தேடினால் அந்தப் பாட்டு அதே இடத்தில் கிடைக்கிறது. ஹிப்ஹாப் தமிழாவும் சினிமாவுக்குப் போவதற்கு முன் இணையத்தில் பரவிய பாட்டுகளால்தான் ஊருக்குத் தெரிய வந்தார்கள்.

வருமானம் என்று பார்த்தால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. விளம்பரத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர்கள், அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். நாலு நிமிடப் பாட்டு ஒன்றை ஆரம்பம் முதல் கடைசி வரை 60,000 தடவை யாராவது கேட்டால்தான் 4,000 மணி நேரம் வரும். ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு இதை எட்டுவது கஷ்டம். அதனால் ஒரு பாட்டுக்கு ஒரே வீடியோ என்று நிறுத்தாமல், வரிகள் ஓடும் லிரிக் வீடியோ, ஸ்டுடியோவில் ஒரே டேக்கில் பாடியது, பாட்டு உருவான கதை, மேடையில் பாடியது என்று நாலைந்தாகப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள்.

மியூசிக் வீடியோவுக்கு லட்ச ரூபாய் செலவு செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஈ.சி.ஆரில் ஒரு வாடகை பைக், புதுச்சேரியில் மஞ்சள் சுவர், ட்ரோனில் கடல் என்று எடுத்த வீடியோக்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல் குவிந்து கிடக்கின்றன. சினிமாப் பாட்டோடு படப்பிடிப்புச் செலவில் போட்டி போட முடியாது. அதே பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு, நல்ல ஒலியோடு ஒரு நேரலைப் பதிவு எடுக்கலாம். பறை அடிக்கிறவர் கை எப்படி விழுகிறது, பாடகி எந்த இடத்தில் கண்ணை மூடுகிறார் என்பதைக் காட்டினாலே போதும். லிரிக் வீடியோவில் வரிகளைத் தமிழ் எழுத்தில், செல்போன் திரையில் படிக்கிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். கீழே விவரப் பகுதியில் முழுப் பாடல் வரிகளையும், நாதஸ்வரம் வாசித்தவர் முதல் மாஸ்டரிங் செய்தவர் வரை எல்லோர் பெயரையும் எழுதுங்கள். அது நியாயம், தேடலுக்கும் உதவும். பாட்டின் பெயரைத் தமிழிலும், மக்கள் ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுவார்களோ அப்படியும் வையுங்கள்.

ஷார்ட்ஸ் 2020 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ரீலுக்கு எடுத்ததையே அங்கேயும் போடலாம். ஒரு முக்கியமான வித்தியாசம், ஷார்ட்ஸின் அடியில் முழுப் பாட்டின் இணைப்பை வைக்க முடியும். பிடித்தவர் ஒரே தட்டலில் முழுப் பாட்டுக்குப் போய்விடுவார். இன்ஸ்டாவிலிருந்து யூடியூப்புக்கு வருவதற்குள் பாதிப் பேர் வழியில் தொலைந்துவிடுவார்கள்.

யூடியூப்பில் தலைவலிகளும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் பாட்டை அனுப்பியதும் உங்கள் பெயரில் 'டாபிக்' என்று ஒரு சேனலைத் தளமே உருவாக்கிவிடும். அதையும் உங்கள் சேனலையும் சேர்த்து அதிகாரப்பூர்வ ஆர்ட்டிஸ்ட் சேனலாக மாற்றித் தரச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்க வேண்டும். உங்கள் பாட்டை யார் பயன்படுத்தினாலும் தானாகக் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி வசதியை வாங்கியிருந்தால், சில சமயம் உங்கள் பாட்டுக்கு உங்கள் சேனலிலேயே உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சரியாகிவிடும்.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இளைஞர்கள், ஐ.டி. அலுவலகக் கூட்டம், ஆங்கிலத்தில் பாடும் இசைக்குழுக்களின் ரசிகர்கள் அங்கே இருக்கிறார்கள். பாட்டு வெளியாகக் குறைந்தது ஏழு நாளுக்கு முன்பாவது ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாக அதைப் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மூன்று நாலு வாரம் முன்பே பாட்டைக் கொடுத்திருக்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் அங்கே உங்கள் கடமை ஏறக்குறைய முடிந்தது. 2024 முதல், ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் அதற்கு ராயல்டியே கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினாலும் வருவது டீச் செலவுக்குக் காணாது. கேட்டவர் யார் என்று தெரியாது, அவருக்கு ஒரு வரி எழுதவும் முடியாது.

"ஆயிரம் ரூபாய் கொடுங்கள், பத்தாயிரம் ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறோம்" என்று இன்ஸ்டாவில் மெசேஜ் வரும். தயவுசெய்து பக்கத்திலேயே போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே இறக்கிவிடவும் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்ட்ரோகிட் மாதிரி வருடச் சந்தா வாங்குகிற இடத்தில், சந்தாவை நிறுத்தினால் பாட்டுகள் இறங்கிவிடக்கூடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரே தடவை கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் போடுகிறவருக்கு இரண்டாவது வழி நிம்மதி.

ரசிகர்கள் நேரடியாகப் பாட்டை விலைக்கு வாங்குகிற தளமான பேண்ட்கேம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது, வாங்கியவரின் மின்னஞ்சலும் கிடைக்கிறது. டொராண்டோவிலும் லண்டனிலும் ரசிகர் வைத்திருக்கிற இசைக்குழுவுக்கு நல்லது. காசு பேபால் வழியாக வருவதால் உள்ளூர் ரசிகருக்கு அது ஒத்துவராது. அவர் ஜிபே நம்பர்தான் கேட்பார்.

இப்போது, பலர் ஆசைப்படுகிற இன்னொரு வழி. லட்சக்கணக்கில் சப்ஸ்கிரைபர்கள் வைத்திருக்கிற லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) சேனலிடம் பாட்டைக் கொடுத்துவிடுவது. முதல் வாரத்திலேயே பெரிய எண்ணிக்கை வரும், ஊரில் மரியாதை கூடும், சினிமாக்காரர்கள் கண்ணில் படலாம். பாட்டு அங்கே ஓடினாலும் சப்ஸ்கிரைபர் அவர்களுக்குத்தான் சேருவார். அடுத்த பாட்டுக்கு மறுபடி அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். 2021 மார்ச்சில் வந்து உலகமெல்லாம் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி'யிலிருந்தே தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று, மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய வெற்றிக்கே அந்த நிலை என்றால், முதல் பாட்டு போடுகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயத்தைக் காகிதத்தில் வாங்குங்கள். எத்தனை வருடத்துக்கு உரிமை, வருமானத்தில் என்ன பங்கு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கணக்கு காட்டுவார்கள். "நிரந்தரமாக" என்ற சொல் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். எந்த ஒப்பந்தம் போட்டாலும், 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வெளியாருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அதை வசூலித்துத் தருவதற்காக 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது. வரிகள் எழுதுகிறவரும் மெட்டமைக்கிறவரும் அதில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்துவிடுவது நல்லது. இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

வாட்ஸ்அப்பைச் சமூக வலைதளம் என்றே சிலர் நினைப்பதில்லை. நான் இதை யூடியூப்புக்குச் சமமாக வைப்பேன். காரணம், கேட்டவருடைய நம்பர் உங்கள் கையில் இருக்கிறது. எந்த அல்காரிதமும் நடுவில் வராது. இங்கே மூன்று வசதிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 செப்டம்பரில் வந்த சேனல் வசதியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் அவர்கள் நம்பர் உங்களுக்குத் தெரியாது. அதனால் அது இன்னொரு இன்ஸ்டா மாதிரிதான். குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் காலை வணக்கமும் கட்சிச் செய்தியும் வந்து விழ ஆரம்பித்தால் நல்ல ரசிகர்கள் வெளியேறிவிடுவார்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேர். அவர்களும் உங்கள் நம்பரைச் சேமித்திருந்தால்தான் செய்தி போகும். தொல்லையாகத் தோன்றும் அந்த நிபந்தனை உண்மையில் நல்லது. நம்பரைச் சேமித்தவர் வர விருப்பமுள்ளவர்.

பட்டியலைச் சேர்க்கிற இடம் நிகழ்ச்சிதான். நிகழ்ச்சி முடிந்து டீ குடிக்கிற இடத்தில், ஏ-4 தாளில் க்யூஆர் கோடு ஒன்றை அச்சடித்து ஒட்டுங்கள். அது திறக்கிற படிவத்தில் பெயர், நம்பர், ஏரியா என்று மூன்றே கேள்வி. ஏரியாவைக் கேட்பதுதான் இதில் விசேஷம். அண்ணா நகரில் நிகழ்ச்சி வைத்தால் அம்பத்தூர், முகப்பேர், வில்லிவாக்கம் ஆட்களுக்கு மட்டும் செய்தி அனுப்பலாம். வேளச்சேரிக்காரரை வாராவாரம் தொந்தரவு செய்ய வேண்டாம். மாதத்துக்கு ஒரு செய்திக்கு மேல் போகக் கூடாது. "இனி வேண்டாம்" என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கே பெயரை எடுத்துவிட வேண்டும். இப்படிச் சேர்ந்த முந்நூறு நம்பர், முப்பதாயிரம் ஃபாலோயரைவிட அதிகம் டிக்கெட் வாங்கும் என்பது என் திடமான நம்பிக்கை.

விளம்பரத்துக்குக் காசு போடுவதென்றால் பாட்டை விளம்பரம் செய்யாதீர்கள், நிகழ்ச்சியை விளம்பரம் செய்யுங்கள். போஸ்ட்டுக்குக் கீழே இருக்கிற பூஸ்ட் பொத்தானைத் தட்டினால் பணம் எங்கெங்கோ போய்விடும். இன்ஸ்டா விளம்பரங்களை நிர்வகிக்கிற ஆட்ஸ் மேனேஜரில் போய், சென்னையும் அதைச் சுற்றி இருபது இருபத்தைந்து கிலோமீட்டரும் என்று எல்லை போட்டு, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு ஓடவிடுங்கள். மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த முடிவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. வடசென்னையின் கானா பாடகர்களைப் பாருங்கள். அவர்களுடைய யூடியூப் வீடியோக்களின் முகப்புப் படத்திலேயே பெரிய எழுத்தில் போன் நம்பர் இருக்கும். பாட்டு இலவசம், ப்ரோகிராமுக்கு அழைத்தால் சம்பளம். துக்க வீடாக இருந்தாலும் கோயில் திருவிழாவாக இருந்தாலும் அந்த நம்பருக்குத்தான் அழைப்பு வருகிறது. நான் மேலே இவ்வளவு நீளமாகச் சொன்னதை அவர்கள் ரொம்ப நாளாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை மாதிரியான மேடைகள் வந்த பிறகு கானாவுக்குக் கேட்பவர் வட்டமும் பெரிதாகியிருக்கிறது. அவர்களுக்கு யூடியூப்பும் போனும் போதும், ஸ்பாட்டிஃபை பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கர்நாடக இசைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களில் பலருக்கு நிலையான வருமானம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எடுக்கும் இணைய வகுப்பு. இரண்டு ராகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் பாடிக் காட்டுகிற ரீல், மாணவர்களைக் கொண்டுவரும். யூடியூப்பில் முழு ராகம் தானம் பல்லவி ஒன்றாவது இருந்தால், பேர் கேட்டுத் தேடி வருகிறவர் உட்கார்ந்து கேட்க முடியும். 1847-இல் மறைந்த தியாகராஜரின் கிருதியை நீங்களே பாடிப் போட்டாலும், அதே கிருதியின் பழைய பதிவை வைத்திருக்கிற நிறுவனத்திடமிருந்து கன்டென்ட் ஐடி கோரிக்கை வரக்கூடும். யாருக்கும் தனி உரிமை இல்லாத பொதுச்சொத்தான இசையமைப்பு, குரல் என்னுடையது என்று பதில் போடலாம், போட வேண்டும். ஆனால் பாபநாசம் சிவன் 1973-இல்தான் மறைந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 வருடம் வரை உரிமை உண்டு, ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை அந்தப் பதில் செல்லாது.

ராப் செய்கிறவர்களுக்கு ரீல்ஸ்தான் முதலில். வரிக்கு வரி மேற்கோள் காட்டிப் பகிரக்கூடிய வடிவம் அது. வாத்திய இசையும் எலக்ட்ரானிக்கும் செய்கிறவர்களுக்கு மட்டும் ஸ்பாட்டிஃபையை முன்னால் வைப்பேன், அவர்கள் கேட்பவர் எந்த நாட்டிலும் இருக்கலாம். தமிழில் பாடுகிற நாலைந்து பேர் கொண்ட இசைக்குழுவுக்கு யூடியூப்பும் வாட்ஸ்அப் பட்டியலும். பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தால் பாதிக்கு மேல் நல்ல ஒலியுள்ள நேரலைப் பதிவுக்கும், மூவாயிரத்துக்கு உள்ளே நிகழ்ச்சி விளம்பரத்துக்கும், மீதியை வாசித்தவர்களுக்கும் கொடுப்பேன்.

தேதியையும் பார்த்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் பெரிய நடிகர்களின் படப் பாட்டுகள் வரிசையாக இறங்கும், அதில் எந்தச் சின்னப் பாட்டும் மூழ்கிவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை, திறந்தவெளி நிகழ்ச்சியை நம்பி வெளியீட்டைத் திட்டமிட முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறும் முன்பு, கல்லூரி விழாக்கள் நடக்கிற சமயத்தில் வெளியிட்டால் பாட்டும் மேடையும் கைகோத்து வரும்.

மூன்று மாதம் கழித்து அந்த நம்பர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரீல்ஸில் எண்ணிக்கை ஏறியும் பட்டியலில் ஐம்பது பேர்கூடச் சேரவில்லை என்றால், ரீல் எடுக்கிற நேரத்தில் பாதியை எடுத்து, திருவான்மியூரிலோ மயிலாப்பூரிலோ நண்பர் வீட்டு மாடியில் முப்பது பேர் முன்னால் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். நாற்காலி வேண்டாம், பாய் போதும். க்யூஆர் தாளை மட்டும் மாடிப்படி பக்கத்தில் ஒட்ட மறந்துவிடாதீர்கள்.